தோசைக்கல்லும் சூடும்: வார்ப்பிரும்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் பம்புசெட் உறுப்புகள் வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். இரும்பை உருக்கி ஊற்றுகிறவன் என்பதால், வார்ப்பிரும்புத் தோசைக்கல் வாங்கும் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தவர்களும் என்னிடம்தான் சந்தேகம் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிற போன் பெரும்பாலும் கல் ஒட்டுகிறது என்பதற்காகத்தான் இருக்கும். கேட்ட கேள்வியே திரும்பத் திரும்ப வருவதால், அவரவர் கேட்டபடியே எழுதிப் பதிலும் போட்டு வைக்கிறேன். ஒட்டுகிறது என்றால் எல்லோரும் கல் பழகவில்லை என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் கோளாறு சூட்டில்தான் இருக்கிறது.

வார்ப்பிரும்புக் கல்லும் சாதா இரும்புக் கல்லும் ஒண்ணுதானுங்களே?

இல்லை. சாதா கல் என்பது எஃகுத் தகட்டை வட்டமாக வெட்டி, கைப்பிடியை ரிவெட் அடித்தோ பற்றவைத்தோ செய்வது. வார்ப்புக் கல்லுக்கு இரும்பை உருக்கி மண் அச்சில் ஊற்றி, கைப்பிடியோடு ஒரே துண்டாக எடுப்போம். தகட்டில் கார்பன் கால் சதவீதம்கூட இருக்காது; வார்ப்பில் சாதாரணமாக 3 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதில் பெரும்பகுதி கிராஃபைட் சீவல்களாக இரும்புக்குள் சிதறிக் கிடக்கும். வார்ப்பு உடைந்தால் உள்ளே சாம்பல் நிறமாகத் தெரிவது அதனால்தான். தகடு அடிபட்டால் வளைகிறது, வார்ப்பு வளையாமல் உடைந்துவிடுகிறது. அதற்கும் இந்தச் சீவல்கள்தான் காரணம்.

கடையில் கண்டுபிடிக்கத் தூக்கிப் பாருங்கள், அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். அச்சு மண்ணின் சொரசொரப்பு விரலில் படும். 30 செ.மீ. அகலம், 5 மி.மீ. கனம் உள்ள கல் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ இருக்கும். கீழே சொல்லும் கணக்குகளுக்கெல்லாம் இந்தக் கல்லையே வைத்துக்கொள்கிறேன்.

புதுக் கல்லை அரிசி கழுநீர்ல மூணு நாள் ஊறப் போடணுமாமே?

எங்கள் அம்மாவும் அப்படித்தான் செய்தார். கழுநீர் ஒரு நாள் இருந்தால் புளித்துவிடும். அந்த லேசான புளிப்பு, கல்லில் இருக்கும் துருவையும் அச்சு மண் தூசியையும் இளக்கிவிடும். அதாவது கழுநீர் கல்லைச் சுத்தம்தான் செய்கிறது, பழக்குவது எண்ணெயும் சூடும். மூன்று நாள் தண்ணீரிலேயே கிடந்தால் புதுத் துரு பிடிக்கும். ஒரு ராத்திரி ஊறினால் போதும். ஊறப் போடாமல் சோப்பும் தேங்காய் நாரும் போட்டு அழுத்தித் தேய்த்தாலும் சரிதான்.

பிறகு அடுப்பில் வைத்துச் சொட்டு ஈரம் இல்லாமல் காயவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் கல் முழுக்க, அடியிலும் கைப்பிடியிலும்கூட எண்ணெய் தடவுங்கள். அப்புறம் ஒரு பழைய துணியால், தெரியாமல் தடவிவிட்டோம் என்பதுபோல, அத்தனை எண்ணெயையும் துடைத்து எடுத்துவிடுங்கள். அதற்கு மேலும் ஒரு மெல்லிய பூச்சு ஒட்டியிருக்கும், அது போதும். மிதமான தீயில் வைத்து, புகைய ஆரம்பித்து, புகை அடங்கும் வரை விடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆறவிட்டு இதையே மூன்று நான்கு முறை செய்தால் சாம்பல் நிறக் கல் பழுப்பாகி, பிறகு கறுக்கும்.

பழக்குறப்ப எண்ணெய் கல்லுக்குள்ள இறங்கிடுதா?

இறங்குவதில்லை, மேலேயே படலமாகிறது. மரக்கதவில் ஆளிவிதை எண்ணெய் பூசினால் நாளாக ஆகக் காய்ந்து கெட்டித் தோலாவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான் கல்லில் சூட்டால் சில நிமிடங்களில் நடக்கிறது. எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலை போலப் பின்னிக்கொள்கின்றன. அப்படிப் பின்னியது திரும்ப எண்ணெயாக உருகாது.

இதற்கு உறையாத வகை எண்ணெய்கள்தான் நன்றாக உதவும். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டும் சரி. தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம்போல நிறைவுற்ற கொழுப்பு, அது இப்படிப் பின்னாது. பழக்க மட்டும் அதை எடுக்காதீர்கள், தோசைக்கு ஊற்றிக்கொள்வதில் தப்பில்லை. பழக்கிய கல்லில் விரல் பிசுபிசுவென்று ஒட்டினால் எண்ணெய் தடிமனாகத் தங்கி, பாதி காய்ந்து நிற்கிறது என்று அர்த்தம். புதிதாக எண்ணெய் சேர்க்காமல் இன்னொரு முறை நன்றாகக் காய வையுங்கள்.

இரும்பு சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும்னு சொல்றாங்களே, நெசமா?

பாதி நிஜம். எடைக்கு எடை பார்த்தால் ஒரு கிலோ அலுமினியம்தான் ஒரு கிலோ இரும்பைவிட இரண்டு மடங்கு சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆனால் வீட்டில் இருக்கும் நான்ஸ்டிக் கல் அலுமினியத்தில் 600 கிராம் இருக்கும், வார்ப்புக் கல் இரண்டரைக் கிலோ. ஜெயிப்பது எடை.

ஒரு கரண்டி மாவை 80 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதிக்கு மேல் தண்ணீர். அந்த மாவு 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற சுமார் 18 கிலோ ஜூல் சூடு வேண்டும். இதை அடுப்பு தராமல் கல் மட்டுமே தந்தால், வார்ப்புக் கல்லின் சூடு 16 டிகிரிபோல இறங்கும். அந்த அலுமினியக் கல்லுக்கோ 33 டிகிரி இறங்கிவிடும். மாவு விழுந்த அந்தக் கணத்தில் வருகிற ‘சொர்ர்’ சத்தம் வார்ப்புக் கல்லில் கடைசி வரை குறையாமல் இருப்பதும், தோசை அடியில் முறுகுவதும் இதனால்தான்.

கல்லு காய எவ்வளவு நேரம் விடணும்? எனக்கு அவசரம், நான் தீயை முழுசா வச்சிடுறேன்.

மிதமான தீயில் ஆறேழு நிமிடம். நம் இரண்டரைக் கிலோ கல் 190 டிகிரிக்கு வர 180 கிலோ ஜூலுக்கு மேல் வேண்டும். அடுப்பில் எரியும் சூட்டில் ஒரு பகுதிதான் கல்லுக்குள் போகிறது, மிச்சம் பக்கவாட்டில் போய்விடும். எப்படிப் பார்த்தாலும் நேரம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

தீயை முழுதாக வைத்தால் நடு மட்டும் இரண்டு நிமிடத்தில் தீய்கிற சூட்டுக்குப் போய்விடும், விளிம்பு பச்சையாகவே இருக்கும். பழக்கிய படலமும் நடுவில் எரிந்துபோகும். சட்னி அரைக்கும் முன்பே கல்லைச் சின்னத் தீயில் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் மாவை ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுக்கும்போதே கல்லும் அடுப்பில் ஏறிவிடும்.

முதல் தோசை மட்டும் ஏன் பிஞ்சு பிஞ்சு வருது?

மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, மேலே சொன்ன ஆறு நிமிடத்தைக் கொடுக்கவில்லை. கையைக் காட்டினால் அனல் அடிக்கும், ஆனால் கல்லின் கனம் முழுக்க இன்னும் சூடு ஊறியிருக்காது. மாவு விழுந்ததும் மேல்பரப்பு குளிர்ந்துவிடும். ஈரம் ஆவியாகி மேலே எழும்பினால்தான் மாவு கல்லோடு ஒட்டாமல் நிற்கும். அந்த வேகம் இல்லாமல் மாவு பசையாகக் கல்லில் பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது எண்ணெய். முதல் தோசைக்கு எண்ணெயைச் சும்மா ஊற்றினால் அது திட்டுத் திட்டாக நிற்கும். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுக் கல் முழுக்கத் தேய்ப்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். அது எண்ணெயை மெல்லிய பூச்சாகப் பரப்புகிறது, பழைய துணுக்குகளையும் வாரிக்கொண்டு வருகிறது.

மூன்றாவது அவசரம். வெந்த தோசை ஓரத்தில் தானே எழும்பும். அதற்கு முன் திருப்பியை நுழைத்தால் எந்தக் கல்லிலும் பிய்யும்.

சூடு சரியா இருக்கான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?

நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சத்தமில்லாமல் கிடந்து மெதுவாக ஆவியானால் கல் காயவில்லை. ‘சுர்’ என்று கொதித்து ஓரிரு விநாடியில் காணாமல் போனால் சரியான சூடு. சொட்டு முத்து மாதிரி உருண்டு ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது. சொட்டுக்கு அடியில் ஆவி ஒரு மெத்தைபோல் நின்று, தண்ணீரைக் கல்லில் படவிடாமல் தூக்கிப் பிடிப்பதால் அப்படி ஓடுகிறது. ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃபிராஸ்ட் 1756இல் இதை எழுதி வைத்தார், இன்றும் அவர் பெயரில்தான் இது வழங்குகிறது. கல்லைப் பொறுத்து 200 டிகிரிக்குப் பக்கத்தில் அல்லது அதற்கு மேல் இது தொடங்கும். முத்து ஓடுகிற கல்லில் மாவு ஊற்றாதீர்கள்.

மாவைத் தேய்க்கவே முடியலை, கரண்டியோட சேர்ந்து சுருண்டு வருது. கல்லு பழகலையா?

பழகிய கல்தான், சூடு அதிகம். அரிசி மாவு 70 டிகிரிக்குப் பக்கத்திலேயே வெந்து இறுக ஆரம்பித்துவிடும். கல் கொதித்துக் கிடந்தால், நீங்கள் ஒரு சுற்றுத் தேய்ப்பதற்குள் அடி மாவு இறுகிவிடும். மேல் மாவைக் கரண்டி இழுக்க, அடியும் சேர்ந்து வந்துவிடுகிறது.

ஓட்டலில் மாஸ்டர் தண்ணீரை வீசித் துடைப்பத்தால் கூட்டிவிட்டு மாவு ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அது மேல்பரப்பின் சூட்டை மட்டும் இறக்குகிற வேலை. 10 மி.லி. தண்ணீர் முழுதாகக் கல்லிலேயே ஆவியானால் 25 கிலோ ஜூல் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகும். நம் கல்லுக்கு அது 20 டிகிரிக்கு மேல். வீட்டில் ஒரு கை தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து, உடனே மாவு ஊற்றுங்கள். தேய்த்து முடித்ததும் கல்லின் உள்சூடு மேலே வந்துவிடும், முறுகலுக்கு அது போதும்.

மூணு தோசை நல்லா வருது, நாலாவது கருகுது. தீயைக் குறைச்சாலும் கேக்க மாட்டேங்குது.

கல் உடனே கேட்காது. சூட்டைச் சேர்த்து வைப்பதால் கிடைக்கும் நன்மைக்கு இது மறுபக்கம். நீங்கள் தீயைக் குறைத்தது கல்லின் மேல்பரப்புக்குத் தெரிய ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் பயந்து இன்னும் குறைப்பீர்கள், ஆறாவது தோசை வெளுத்து வரும். தீயைக் கூட்டுவீர்கள், எட்டாவது கருகும்.

ஒரு தோசை கேட்கும் சூட்டை ஒரு தோசை வேகும் நேரத்தில் அடுப்பு தர வேண்டும், அவ்வளவுதான். அந்த இடம் எந்தக் குமிழ் நிலையில் இருக்கிறது என்று இரண்டு நாள் கவனித்தால் பிடிபடும். பிறகு குமிழைத் தொடவே வேண்டாம். தோசைக்கும் தோசைக்கும் நடுவே கல் சும்மா காய்ந்தால்தான் சூடு ஏறும். சாப்பிடுகிறவர் தட்டு காலியாகும் வரை காத்திருப்பதானால் தீயைச் சிம்மில் வைத்துவிடுங்கள். நடுவே உயர்ந்த சூட்டைச் சரிசெய்யத் தீயைவிடத் தண்ணீர்தான் வேகமானது, முந்தின பதிலில் சொன்னபடி.

தோசையில வளையம் மாதிரி கருகுது, ஓரமெல்லாம் வெள்ளை. கல்லுல கோளாறா?

வார்ப்பிரும்பின் குணமே அது. சூட்டை அக்கம்பக்கம் கடத்துவதில் அலுமினியம் இதைவிட நான்கு மடங்கு கெட்டி, செம்பு எட்டு மடங்கு. அதனால் பர்னரின் தீ வளையம் எங்கே படுகிறதோ அங்கே கல்லில் சூடு நிற்கும், விளிம்புக்கு நகர நிமிடக்கணக்கில் ஆகும்.

கண்ணால் பார்க்க ஆசையா? வெறும் கல்லில் ஒரு கைப்பிடி ரவையை ஒரே சீராகத் தூவி, மிதமான தீயில் வைத்துக் கிளறாமல் பாருங்கள். முதலில் பர்னர் அளவுக்கு ஒரு பழுப்பு வளையம் எழும். பிறகு வளையத்தின் உள்பக்கம் நிறம் மாறும், கடைசியாக வெளியே மெல்லப் படரும். விளிம்பில் இரண்டு விரல் அகலம் வெள்ளையாகவே நின்றால் அந்தக் கல் உங்கள் பர்னருக்குப் பெரியது. பெரிய பர்னருக்கு மாற்றுங்கள், அல்லது காயும்போது கல்லை நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் நகர்த்திச் சுழற்றி வையுங்கள். தோசையைக் கல்லின் முழு அகலத்துக்கும் இழுக்காமல் விட்டாலும் பிரச்சினை தீர்ந்தது.

இண்டக்‌ஷன் அடுப்புல வைக்கலாமா?

தாராளமாக. இரும்பைக் காந்தம் பிடிக்கும் என்பதால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அங்கே சூடு கல்லின் அடியிலேயே, சுருள் இருக்கும் வட்டத்தில் மட்டும் உண்டாகிறது. எடுத்த எடுப்பில் முழு பவர் வைத்தால் நடு வேகமாக விரியும், விளிம்பு குளிர்ந்தபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். வளையத் தெரியாத உலோகம், விரிசல் விடலாம். குறைந்த பவரில் ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு கூட்டுங்கள். கண்ணாடி மேல் கல்லை இழுக்காமல் தூக்கி வையுங்கள்.

சோப்பு போட்டா பழக்கம் போயிடும்தானே?

இன்றைய பாத்திரம் கழுவும் திரவம் அந்தப் படலத்தைக் கரைக்காது. ஒட்டாத எண்ணெயைத்தான் எடுக்கும். படலத்தைக் கெடுப்பவை நம் பழைய தேய்ப்புச் சாமான்கள்தான்: புளியின் அமிலமும் அடுப்புச் சாம்பலின் காரமும் இரண்டுமே அதை அரிக்கும். பித்தளையைத் தேய்த்த கையோடு கல்லையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டு, ஒட்டுகிறது என்று சித்தி போன் செய்தார். கம்பி நாரும் வேண்டாம். கழுவியதும் துடைத்து, அடுப்பில் இரண்டு நிமிடம் காட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.

துரு பிடிச்சிடுச்சே, தூக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம். துருவை நன்றாகத் தேய்த்தெடுத்து, புதுக் கல்லுக்குச் சொன்னபடி மறுபடி பழக்குங்கள். நம் வீட்டில் இருக்கும் பாத்திரங்களில் இப்படித் திரும்ப மீட்கக்கூடியது இது ஒன்றுதான் என்பேன்.

சப்பாத்திக்கும் தோசைக்கும் ஒரே கல்லு போதாதா?

இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. பாட்டிமார்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தோசையில் எப்போதும் ஈரம் இருப்பதால் கல்லின் சூடு ஒரு அளவோடு நிற்கும். சப்பாத்திக் கல் வறண்டே காயும், சூடு அதைவிட ஏறும், எண்ணெயும் குறைவு. உதிர்ந்த மாவு கருகிக் கல்லில் பிடிக்கும். அடுத்த நாள் தோசை அந்த இடத்தில்தான் ஒட்டும். ஒரே கல்தான் இருக்கிறது என்றால் சப்பாத்திக்குப் பிறகு கருகலைச் சுரண்டித் துடைத்து, ஒருமுறை எண்ணெய் தடவிப் புகைய வைத்துவிடுங்கள்.

வார்ப்பிரும்புச் சட்டியில வத்தக்குழம்பு வச்சேன், கறுத்துப்போச்சு. சாப்பிடலாமா?

சாப்பிடலாம், ஆனால் அதில் புளி போட்டு நெடுநேரம் கொதிக்க வைப்பதை விட்டுவிடுங்கள். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் படலத்தைக் கடந்து இரும்பைக் கரைக்கிறது. நிறம் மாறும், வாயில் இரும்பு வாசனை அடிக்கும். வாழைப்பூ, கத்திரிக்காய் கறுப்பது வேறு வழி: அவற்றின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் மை போலக் கறுப்பாகும். தக்காளி சேர்த்த தொக்கு பத்து நிமிட வேலை என்றால் பரவாயில்லை. சமைத்ததைச் சட்டியிலேயே மட்டும் விட்டுவைக்காதீர்கள். வறுவல், பொரியல், அடை, பணியாரம் எல்லாவற்றுக்கும் சட்டி உங்களுடையது.

அப்போ ரத்தசோகைக்கு இரும்புக் கல்லுல சமைச்சா போதுமாங்க?

உணவில் இரும்பு சேர்வது உண்மை. எவ்வளவு என்பது புளிப்பு, ஈரம், சமைக்கும் நேரம் மூன்றையும் பொறுத்தது. இரண்டு நிமிடத்தில் வெந்து இறங்கும் தோசையில் கொஞ்சம்தான் சேரும், அதுவும் பழகிய கல்லில் இன்னும் குறைவு. மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால் கல்லை நம்பி நிறுத்தாதீர்கள். தலசீமியா உள்ளவர்களுக்கும், உடம்பில் இரும்பு சேர்ந்துகொண்டே போகும் நோய் உள்ளவர்களுக்கும் இரும்புப் பாத்திரம் ஆகுமா என்று அவர்களுடைய மருத்துவரையே கேளுங்கள்.

தண்ணி தெளிக்கச் சொல்றீங்க, சூடான கல்லைக் குழாயில காட்டாதேன்னும் சொல்றாங்க. எது சரி?

இரண்டும் சரி. தெளிக்கும் தண்ணீர் பரவலாக விழுந்து, ஆவியாகி, மேல்பரப்பை மட்டும் சீராகக் குளிர்விக்கிறது. குழாய்த் தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டும். 30 செ.மீ. கல் 200 டிகிரிக்குச் சூடேறினால் ஏறக்குறைய அரை மி.மீ. விரிந்து நிற்கும். அதில் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கினால் மறுபக்கம் விடாது, இழுபறியில் உலோகம் கிழியும். ஃபவுண்டரியிலும் வார்ப்பை அச்சுக்குள்ளேயே ஆறவிட்டுத்தான் உடைத்தெடுப்போம். அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்த வார்ப்பு ராத்திரி தானாக விரிசல் விட்டு, காலையில் வந்து பார்த்ததும் உண்டு. ஓட்டல் தோசைக்கல்லில் வாளித் தண்ணீரே வீசுகிறார்களே என்றால், அது பெரும்பாலும் கனத்த எஃகுத் தகடு. அதன் பொறுமை வார்ப்புக்குக் கிடையாது.

கல்லுல ஒரு கோடு தெரியுது. கீறலா விரிசலா? வெல்டிங் வச்சுக்கலாமா?

கல் நன்றாக ஆறியதும் அந்த இடத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். மேலே ஒரு துளி ஈரமும் இல்லாமல் துடைத்துவிட்டு, கோலமாவை மெல்லியதாகத் தூவுங்கள். மேலோட்டக் கீறல் என்றால் மாவு வெள்ளையாகவே இருக்கும். விரிசல் என்றால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வந்து, மாவில் முடி கனத்துக்கு ஒரு கோடு நனையும். ஃபவுண்டரியில் மண்ணெண்ணெயும் சுண்ணக்கட்டியும் வைத்து இதையே செய்கிறோம். பார்த்து முடித்ததும் கோலமாவு போகக் கழுவிவிடுங்கள்.

விரிசல்தான் என்றால் அதில் இனி சமைக்க வேண்டாம். சூடேறும்போது எப்போது இரண்டாகும் என்று சொல்ல முடியாது, மேலே கொதிக்கிற எண்ணெயும் இருக்கும். வார்ப்பிரும்பை வெல்டிங் வைக்க முடியும், ஆனால் முன்கூட்டியே சூடேற்றி, நிக்கல் கம்பி வைத்து, மெதுவாக ஆறவைக்க வேண்டும். அந்தச் செலவுக்குப் புதுக் கல்லே வாங்கிவிடலாம், பற்றவைத்த இடத்தில் சூடும் ஒரே மாதிரி பரவாது. பழைய இரும்புக் கடையில் போடுங்கள். உடைந்த வார்ப்பு எங்களுக்கு வேண்டிய சரக்கு, உலையில் மற்ற இரும்போடு சேர்ந்து உருகி அடுத்த அச்சுக்குப் போய்விடும்.